மேஜையை நகர்த்திய ஆய்வு

உடல்நல உளவியல் படிக்கப் போகிறேன் என்று அந்த ஆய்வாளர் இளம் வயதில் சொன்னபோது, "உடம்பா, மனசா? ஒண்ணைச் சொல்லு" என்று வீட்டில் கேலி செய்தார்கள். இரண்டும்தான் என்றார். நோய் வந்த பிறகு பார்க்க ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். வருவதற்கு முன்பே ஒரு மனிதரைச் சோதனைக்கு வரவழைப்பது எப்படி? முப்பத்திரண்டு வருடம் அந்த ஒரே கேள்வியோடுதான் குப்பை கொட்டினார்.

முதல் பெரிய ஆய்வு ஒரு பேருந்துப் பணிமனையில். ஓட்டுநர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டியவர்கள். எல்லோருக்கும் இரத்த அழுத்தம் பார்க்க ஏற்பாடு செய்தார். பயம் வந்தால் ஆட்கள் வருவார்கள் என்று அப்போது நம்பினார். அதனால் பக்கவாதத்தில் வாய் கோணிப் படுத்திருக்கும் ஒருவரின் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரெங்கும் ஒட்டினார். மூன்று வாரத்தில் வந்தவர்கள் பத்தொன்பது பேர். அதிலும் நாலு பேர் கழிப்பறைக்கு வழி கேட்க வந்தவர்கள் என்று அவர் கணவர் இன்றைக்கும் சொல்வார்.

'ஓட்டுநர்களிடம் விழிப்புணர்வு இல்லை' என்று அறிக்கையை முடித்துவிடலாம் என்று பணிமனை கேன்டீனில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். கேன்டீனை நடத்திய அக்கா டீயைக் கொண்டுவந்து வைத்தார்.

"என்ன மேடம், மூஞ்சி இப்படித் தொங்குது?"

"யாருமே வரலைக்கா. இவங்களுக்கு உடம்பு மேல அக்கறையே இல்ல."

அக்கா கைத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். "அக்கறை இல்லாமலா பாதிப் பேரு சர்க்கரையைக் குறைச்சுப் போடச் சொல்றாங்க? உங்க மேஜை எங்க கிடக்குன்னு கொஞ்சம் எட்டிப் பாருங்க."

எட்டிப் பார்த்தார். மேலாளர் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே கிடந்தது.

"பிரஷர் இருக்குன்னு தெரிஞ்சா வண்டிய விட்டு இறக்கிடுவாங்களோன்னு பயம். இதுல அந்தப் படம் வேற. ஏற்கெனவே பயந்தவனை இன்னும் பயமுறுத்தினா ஓடத்தானே செய்வான்?"

ஆய்வாளருக்குச் சுருக்கென்றது. அவருடைய கேள்விப் பட்டியலில் தொண்ணூற்று நாலு கேள்விகள். 'உங்களுக்கு என்ன பயம்?' என்ற கேள்வி மட்டும் இல்லை. எழுதிய தாள்களைக் கிழித்துப் போட்டார்.

சோதனை முடிவு அவரவர் கையில் மட்டும்தான் தரப்படும். சிகிச்சைக்கு ஓய்வு வேண்டுமென்று மருத்துவர் சொன்னால் தரப்படும். குணமானதும் அதே வேலை. இதை எழுத்தில் தரச் சொல்லி மேலாளரிடம் போனார். "எழுத்துலயெல்லாம் முடியாதும்மா" என்றார் அவர். நாலு முறை அதே பதில். ஐந்தாம் முறை, "உங்க கூட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்ல" என்று சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார். படங்கள் இறங்கின. மேஜை கேன்டீனுக்குப் பின்னால், கதவு சாத்தக்கூடிய சாமான் அறைக்குப் போனது.

அடுத்த ஆறு வாரத்தில் வந்தவர்கள் நூற்று அறுபத்தேழு பேர்.

அவர்களில் ஒருவர் 'ஹாரன்'. அவர் குரலுக்குப் பணிமனை வைத்த பெயர் அது. செவிலியர் மூன்று முறை அழுத்தம் பார்த்தார்.

"என்ன சிஸ்டர், மெஷின் ரிப்பேரா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்குண்ணே. நீங்க எழுந்திருக்காம உக்காருங்க."

அன்றைக்கே மருத்துவமனையில் சேர்த்தார்கள். இன்னும் சில வாரம் விட்டிருந்தால் வண்டி ஓட்டும்போதே விழுந்திருப்பார் என்றார் மருத்துவர். இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பிய ஹாரன், ஆய்வாளரின் அறைக்கு வந்து நின்றார். அந்தக் குரல் அன்று தணிந்தே வந்தது. "அக்காதான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாங்க மேடம்" என்று மட்டும் சொன்னார்.

ஆய்வுக் கட்டுரையில் அக்காவின் பெயரையும் ஆசிரியராகச் சேர்த்தார். "நடக்கிற காரியமா இது?" என்றார் அவருடைய துறைப் பேராசிரியர். இதழ்க்காரர்கள் அக்காவின் பட்டம் என்ன, நிறுவனம் என்ன என்று கேட்டார்கள். 'பட்டம் இல்லை, பேருந்துப் பணிமனை கேன்டீன்' என்று பதில் போனது. இரண்டு நீண்ட கடிதங்களுக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

ஆங்கிலத்தில் அச்சான பக்கத்தை அக்கா உற்றுப் பார்த்தார். "பேரு இருக்கட்டும். நான் சொன்னதை ஒழுங்கா எழுதியிருக்கீங்களா? படிங்க." வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டவர், ஓரிடத்தில் நிறுத்தினார். "ஓடுவான்னு சொன்னேன். 'தவிர்க்கும் போக்கு'ன்னு நான் எங்க சொன்னேன்?"

அதற்குப் பிறகு சலவைக்கூடம், பள்ளி, நீதிமன்றம் என்று எங்கே ஆய்வுக்குப் போனாலும் முதல் வாரம் அவர் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. டீ கிடைக்கும் இடத்தில் போய் உட்கார்ந்திருப்பார். மாணவர்கள் அதற்கு 'டீ வாரம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

போன வருடம் ஓய்வு பெற்றார். விடை தரும் கூட்டத்தில் உரைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அவர் நன்றி சொல்ல மட்டும் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். மேஜையை எட்டிப் பார்க்கச் சொன்ன அக்கா, மூன்று முறை அழுத்தம் பார்த்த செவிலியர், ஐந்தாம் முறை மசிந்த மேலாளர், நம்பி உள்ளே வந்து சட்டைக் கையை மடித்துவிட்ட ஓட்டுநர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. கூட்டத்தில் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.