இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் ஒரு தெரு

எட்னா கெர்ஷாவுக்கு எண்பது வயதுக்கு மேல் ஒரு பொழுதுபோக்கு வாய்த்தது. தான் வாழ்ந்த காலத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதிய புத்தகங்களைப் படித்து, எழுதியவர்களோடு சண்டை போடுவது.

இங்கிலாந்தில், ராச்டேல் நகரில் அவள் இருந்த முதியோர் குடியிருப்புக்கு நூலக வண்டி ஒன்றுவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை வரும். போர் முடிந்த பிறகு இந்த நாட்டு ஜனங்கள் எப்படித் தின்றார்கள், எப்படிக் குளித்தார்கள், விடுமுறைக்கு எங்கே போனார்கள் என்று சொல்லும் தடித்த புத்தகங்கள் அதில் ஒரு தட்டு நிறைய இருந்தன. பின் அட்டையில் ஆசிரியரின் படம் இருக்கும். பெரும்பாலும் ரேஷன் அட்டையைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க முடியாத வயதுக்காரர். எட்னா முதலில் அந்தப் படத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள்.

ஐம்பத்து நாலில் கறிக்கு ரேஷனை நீக்கிய அன்று மக்கள் தெருவில் ஆடினார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். "யாருய்யா ஆடினது? நாங்க கறிக்கடை வாசல்ல கால் கடுக்க நின்னுட்டிருந்தோம்" என்று எட்னா பக்கத்தைப் பார்த்துக் கேட்டாள். போர்க்காலத்தில் முட்டைக்குப் பதிலாகக் கொடுத்த முட்டைப் பொடியை நாடே வெறுத்தது என்றார் இன்னொருவர். எட்னாவுக்கு முட்டைப் பொடி பிடிக்கும். இந்த ஆள் நாட்டைக் கணக்கெடுத்தபோது தன் வீட்டுக் கதவைத் தட்டாமல் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனாலும் அந்தப் புத்தகங்கள் மீது அவளுக்குக் கொள்ளை ஆசை. மந்திரிகளுக்கு நாலு பக்கம் ஒதுக்கிவிட்டு, துணி துவைப்பதற்கு ஒரு அத்தியாயமே ஒதுக்குகிறவர்கள் இவர்கள்தான். தன்னைப் போன்றவர்களைப் பற்றியும் படித்த மனிதர் ஒருவர் மெனக்கெட்டு எழுதுகிறாரே என்று உள்ளூரப் பெருமையாக இருக்கும். பெருமை இருக்கும் இடத்தில்தானே சண்டையும் ருசிக்கும்.

இரண்டாயிரத்து மூன்று மே மாதம், ராணியின் முடிசூட்டு விழாவின் ஐம்பதாவது ஆண்டுக்காகவே அச்சடித்தது போல ஒரு புதுப் புத்தகம் வண்டியில் வந்தது. எட்னா இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே டேமர் தெரு இருந்தது.

அவள் இருபத்திரண்டு வருடம் வாழ்ந்த தெரு. எழுபத்தொன்றில் இடித்துத் தள்ளிவிட்டார்கள். படத்தில் அது முழுசாக, மழையில் நனைந்து, குறுக்கே கட்டிய காகிதக் கொடிகளோடு கிடந்தது. வாசல்களில் ஒரு ஆள் இல்லை. இரண்டு பக்கமும் எல்லா வீடுகளிலும் முன் ஜன்னல் திரைகள் இழுத்து மூடியிருந்தன. தெருவில் முதுகைக் காட்டி நடந்துபோகும் ஒரே ஒரு பெண். மழைக்கோட்டு. கையில் பை. தன்னுடைய அந்தக் கோட்டை எட்னா உடனே அடையாளம் கண்டுகொண்டாள், இடது தோளில் தான் தைத்திருந்த ஒட்டு உட்பட.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: "1953 ஜூன் 2. லங்காஷயர் ஆலை நகரம் ஒன்றில் நண்பகல். சின்னத் திரையில் படம் தெளிவாகத் தெரிவதற்காக ஜன்னல்களை மூடிக்கொண்டு, தெருவே டி.வி. முன் உட்கார்ந்திருக்கிறது."

எட்னா இந்த முறை சண்டை போடவில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பையில் இருந்தவை அவளோடு வாழ்ந்த வில்ஃபின் சாமான்கள். சவர பிளேடு, பைஜாமா, பல் செட். பூட்ஸ் உள்ளே கொள்ளாததால் அதைக் கயிற்றால் பையின் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். வில்ஃப் என்ட்விசில் அன்று காலை பத்தே முக்காலுக்கு ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினான். பஞ்சாலைத் தூசி நெஞ்சில் ஏறி ஏறி, நாற்பத்தோரு வயதில் மூச்சு நின்றுபோனது. விழா நாளென்று பஸ் கிடைக்கவில்லை. இரண்டு மைல் மழையில் நடந்து வந்தாள்.

வில்ஃபும் எட்னாவும் தாலி கட்டாமல் வாழ்ந்தவர்கள் என்று நம் பக்கத்தில் சொல்வார்களே, அந்த மாதிரி. அவனுக்கு பர்ன்லி என்ற ஊரில் சட்டப்படி மனைவி இருந்தாள். பிரிந்து போனவள்தான், ஆனால் விவாகரத்து மட்டும் தர மாட்டேன் என்று நின்றாள். நாற்பத்தொன்பதில் டேமர் தெரு ஏழாம் நம்பருக்குக் குடிவந்த மூன்றாவது வாரமே, 'மிஸ் கெர்ஷா' என்று முகவரி எழுதிய ஒரு கடிதத்தைத் தபால்காரர் பக்கத்து வீட்டில் தவறாகக் கொடுத்துவிட்டார். தெருவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அதன் பிறகு நாலு வருடம் யாரும் சண்டைக்கு வரவில்லை, பேச்சுக்கும் வரவில்லை. தெருவுக்குப் பொதுவான துவைக்கும் கூடத்தில் எட்னா நுழைந்தால் பேச்சு நிற்கும். ஒன்பதாம் நம்பர் ஆக்டன் வீட்டில் விழாவுக்காக டி.வி. வாங்கியபோது, பார்க்க வரும்படி ஒவ்வொரு கதவின் அடியிலும் ஒரு துண்டுச் சீட்டு செருகினார்கள். ஏழாம் நம்பர் கதவடியில் மட்டும் எதுவும் இல்லை.

வில்ஃபை அடக்கம் செய்ததும் ஹல் ஊரில் இருக்கும் அக்காவிடம் போய்விடுவது என்று எட்னா அந்த இரண்டு மைலில் முடிவு செய்திருந்தாள். தெருமுனை திரும்பினாள். எல்லா ஜன்னல்களும் மூடியிருந்தன.

டேமர் தெருவில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் எல்லா வீடுகளும் முன் ஜன்னல் திரையை இழுத்துவிடும். சவப்பெட்டி தெருவை விட்டுப் போகும்வரை திறக்காது. செத்தவர் தங்களில் ஒருவர் என்று அதற்கு அர்த்தம். எட்னா நடுத்தெருவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். எப்படியோ செய்தி வந்திருக்கிறது, வில்ஃபுக்காக மூடியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

அவனுக்குக் கிடைத்த ஒரே மரியாதையும் அதுதான். பர்ன்லி மனைவியின் ஆட்கள் உடலை வாங்கிக்கொண்டு போய் அங்கேயே புதைத்தார்கள். எட்னாவை யாரும் கூப்பிடவில்லை. அவள் தன் ஜன்னலையும் மூடிக்கொண்டு ஒரு வாரம் படுத்துக்கிடந்தாள். எழுந்து வெளியே வந்தபோது தெரு பழையபடி இருந்தது. ஆனால் அவள் ஹல் போகவில்லை. திரையை மூடிய தெருவை விட்டு எப்படிப் போவது?

அதன் பிறகு அந்தத் தெருவுக்கு அவள் செய்யாதது இல்லை. பிரசவத்துக்கு நின்றாள், பிணத்தைக் குளிப்பாட்டினாள். ஆக்டன் வீட்டு மகள் பெரில் பிஸ்கட் ஆலைக்கு வேலைக்குப் போனபோது அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தாள். பெரிலின் அம்மா டோரா ஆக்டன் சாகக் கிடந்த பதினோரு நாளும் கட்டிலை விட்டு நகராமல் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முடிசூட்டு நாளைப் பற்றி அவள் முன்னால் தெருவில் ஒருவர்கூட வாய் திறந்ததில்லை. தன் மனம் நோகக் கூடாதென்று காட்டும் பக்குவம் என்று அதையும் வரவில் வைத்திருந்தாள்.

இப்போது இந்தச் சின்னப் பையன் எழுதுகிறான், டி.வி. பார்த்தார்களாம். அப்படியானால் வாயைத் திறக்காதது பக்குவம் இல்லை, கூச்சம். ஐம்பது வருடமாக யாருக்கு நன்றி செலுத்தினோம், ஒரு டி.வி. பெட்டிக்கா? வில்ஃபை இரண்டாவது தடவை, யாருமே இல்லாமல் தூக்கிக்கொண்டு போனது போல இருந்தது.

வெள்ளிக்கிழமை பெரில் மீனும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு வந்தாள். வாராவாரம் வருகிறவள்தான். அவளுக்கும் அறுபது வயதாகிவிட்டது, முட்டி வலி.

"என்ன ஆன்ட்டி, தட்டுகூட எடுத்து வைக்கல? வினிகர் நெறைய ஊத்தச் சொல்லி வாங்கிட்டு வந்திருக்கேன்."

எட்னா புத்தகத்தை விரித்து நீட்டினாள். "கண்ணாடியப் போட்டுட்டு இதப் படி."

பெரில் படித்தாள். "அட, நம்ம தெரு" என்று சிரித்தாள். பிறகு மழைக்கோட்டைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"உனக்கு அப்ப பத்து வயசு. நெனவு தெரிஞ்ச புள்ளைதான். உண்மையச் சொல்லு" என்றாள் எட்னா. "டி.வி. பாக்கறதுக்குத்தான் மூடினீங்களா?"

"எங்க வீட்ல அதுக்குத்தான்."

எட்னா தலையை ஆட்டினாள். எதிர்பார்த்ததுதான். "சரி. சாப்பிடு, ஆறிடும்."

"இருங்க ஆன்ட்டி. முழுசாக் கேளுங்க. இந்தக் கூரையெல்லாம் பாருங்க, எத்தனை ஆன்டெனா இருக்கு?"

எட்னா குனிந்து தேடினாள். ஒன்றுதான் இருந்தது, ஒன்பதாம் நம்பர் புகைபோக்கியில்.

"ஒரு டி.வி.க்கு முப்பது வீட்ல எதுக்குத் திரை போடணும்? இத எழுதினவருக்கு இந்தப் பக்கத்து வழக்கம் தெரியல, பாவம்" என்றாள் பெரில். "நடந்தது என்னன்னா, எங்கப்பா பத்து மணிக்கே படம் வெளிறுதுன்னு திரைய இழுத்துட்டாரு. எதிர்வீட்டு மிசஸ் லம்ப் பாத்தாங்க. எங்க தாத்தா ரெண்டு வருஷமா இன்னிக்கோ நாளைக்கோன்னு கெடந்தாரு இல்ல? கெழவன் போயிட்டான்னு நெனச்சு அவங்களும் இழுத்துட்டாங்க. அதப் பாத்துப் பக்கத்து வீடு, அதப் பாத்து அடுத்த வீடு. கால் மணி நேரத்துல தெருவே மூடிக்கிச்சு."

"உங்க தாத்தாவுக்கா?"

"மிசஸ் லம்ப் கறுப்புத் தொப்பி போட்டுக்கிட்டு, கேக்கோட துக்கம் விசாரிக்க வந்துட்டாங்க. தாத்தா காகிதக் கிரீடம் வெச்சுக்கிட்டு நல்ல நாற்காலில உக்காந்துட்டு, 'தொப்பியெல்லாம் பலமா இருக்கு, யாரு போனது?'ன்னு கேட்டாரு."

எட்னாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். சிரித்து முடித்ததும் முன்னிலும் மோசமாக இருந்தது. "அப்ப, சாகாத மனுஷனுக்காக மூடினது. வில்ஃபுக்கு இல்ல."

"மூடினது இல்லதான்" என்றாள் பெரில். "திரும்பப் போய்த் தொறக்க யாருக்கும் பொறுமை இல்ல, விழா ஆரம்பிச்சிடுச்சு. இருபத்தாறு பேர் எங்க முன்னறைல. நான் அப்பா கால்கிட்ட உக்காந்திருந்தேன். மதியம் பன்னெண்டே காலுக்கு, ஜன்னலோரம் இருந்த மிசஸ் லம்ப் திரையோட ஓரத்தத் தூக்கிப் பாத்துட்டு, 'டோரா, இங்க வா'ன்னாங்க. அம்மா போய்ப் பாத்தாங்க. நீங்க நடந்து வந்துட்டிருந்தீங்க. பையில அவரோட பூட்ஸ் தொங்குச்சு."

எட்னா படத்தில் அந்த பூட்ஸைத் தேடினாள்.

"அம்மா நேரா வந்து டி.வி.ய அணைச்சிட்டாங்க. அப்பா, 'ஏய் டோரா, இப்பத்தான் கிரீடம் வைக்கப் போறாங்க'ன்னாரு. அம்மா சொன்னாங்க, 'ராணியப் பாக்க உலகமே இருக்கு. மிசஸ் என்ட்விசில பாக்க யாரு இருக்கா? அந்தாளு போயிட்டாரு. திரையில ஒருத்தரும் கை வைக்கக் கூடாது'ன்னு. முன்கதவுச் சத்தம் உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு எல்லாரையும் கொல்லைப்புறமா அனுப்பினாங்க. ஒருத்தர் முணுமுணுக்கல. பள்ளிக்கூடத்துல நடந்த விருந்துக்கு எங்க தெரு மட்டும் போகல. எனக்கு ஜெல்லி போச்சேன்னு அழுதேன், அறை வாங்கினேன். பர்ன்லில அவரப் புதைக்கப் போறது சனிக்கிழமைன்னு அப்பா ஆஸ்பத்திரில கேட்டுட்டு வந்தாரு. சனிக்கிழமை சாயங்காலம்தான் தொறந்தோம்."

"சனிக்கிழமை வரைக்குமா?"

"அஞ்சு நாள். உங்க திரையும் மூடியிருந்துச்சே, நீங்க எங்க பாத்தீங்க?"

"ஒருத்தராவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றாள் எட்னா. "உங்கம்மா கைய பதினோரு நாள் பிடிச்சிட்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லல, அழுத்தக்காரி."

"எப்படிச் சொல்வாங்க? மொதல்ல தப்பா மூடினதையும் சேத்துல்ல சொல்லணும். நாலு வருஷம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டோமேன்னு அவங்களுக்குச் சாகிற வரைக்கும் குத்தல் ஆன்ட்டி. நீங்க தெருவுக்கு ஒவ்வொண்ணாச் செய்யச் செய்ய, இன்னும் சொல்ல முடியாமப் போச்சு."

எட்னா வெகுநேரம் அழுதாள். பெரில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தோளில் கை வைத்திருந்தாள். சிப்ஸ் காகிதத்திலேயே ஆறிப்போனது. எட்னா அழுதது துக்கத்தால் இல்லை. மூடியது தற்செயலாக இருந்தால் என்ன, மூடி வைத்திருந்தது அவளுக்காக. அத்தனை நாள் காத்திருந்து வாங்கிய பெட்டியை, அந்த ஒரு நிமிடத்துக்காகவே வாங்கிய பெட்டியை, அவள் ஜன்னலைக் கடந்து போகும்போது அணைத்திருக்கிறார்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பெரிலைப் பார்த்தாள்.

"உங்கம்மா என்னை என்னன்னு சொன்னாங்கன்னு சொன்னே?"

"மிசஸ் என்ட்விசில்னு. எனக்கு நல்லா நெனவிருக்கு. அதுவரைக்கும் உங்களுக்கு எங்க வீட்ல ஏழாம் நம்பர்காரின்னுதான் பேரு. அன்னிக்குத்தான் மொதல் தடவையா அந்தப் பேரைக் கேட்டேன். யாருடா அதுன்னு நானே திரும்பிப் பாத்தேன்."

"இருபத்தாறு பேருக்கு முன்னாலயா?"

"இருபத்தாறு பேருக்கு முன்னால."

எட்னா புத்தகத்தை மூடித் தள்ளி வைத்தாள். மூக்கைச் சிந்தினாள். பிறகு பெரிலின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டாள்.

"உங்கம்மா ஜன்னல்கிட்ட போனாங்க இல்ல, அங்கேருந்து மறுபடி சொல்லு" என்றாள். "மெதுவாச் சொல்லு."