கடைசி பெஞ்சில் ஒரு கை

பாடம் வாசிக்கும்போது என் கண்ணோரத்தில் ஒரு கை தெரியும். கடைசி பெஞ்சில், தூக்கியபடி. நிமிர்ந்தால் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். அதனால் இப்போதெல்லாம் நிமிர்வதில்லை, அதுவாகப் போய்விடும்.

அது பாலக்காட்டில் நான் பி.ஏ. படித்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியின் கை. அவள் இடுக்கி தேயிலை எஸ்டேட்டுக்காரி, நான் கொல்லங்கோட்டுப் பக்கம்; இரண்டு வீட்டிலும் தமிழ்தான். மலையாள வகுப்பில் எங்கள் இருவருக்கும் வாய் திறக்கவே பயம். முதல் வருடம் வந்த டீச்சர் அந்தப் பயத்தைச் சாக்பீஸால் விரட்டினார். உள்ளே வந்ததும் அதை யார் முன்னாலாவது வைத்துவிட்டு, தானும் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். சாக்பீஸ் கிடைத்தவர் எழுந்துபோய்ப் போர்டில் ஒரு சந்தேகம் எழுதிப் பாடத்தைத் தொடங்க வேண்டும். தமிழிலேயே சொல்லு, புரியும் என்று, "தமிழில் பறஞ்ஞோ, மனசிலாகும்" என்பார். எஸ்டேட் கூலியைப் பற்றி அவள் எழுதிய கேள்வியில் வகுப்பே இரண்டு கட்சியாகிக் கத்தியது. வீட்டில் அவளைக் கொழுந்து கிள்ளக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"டிகிரி முடிச்சிட்டுத்தான் மலை ஏறுவேன், பாரு" என்றாள் அன்று.

மறு வருடம் டீச்சருக்கு டிரான்ஸ்ஃபர். புதிதாக வந்த சார் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். அவர் நோட்ஸ் வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். யாராவது கை தூக்கினால் வாசிப்பை நிறுத்தி, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், கை இறங்கும்வரை காத்திருப்பார். இறங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். மற்றவர்கள் அடங்கிப்போனோம். அவள் மட்டும் விடவில்லை. ஒருநாள் வெகுநேரம் தூக்கியே வைத்திருந்தாள். பிறகு இறக்கிவிட்டாள்.

"என்ன கேக்க வந்தே?" என்றேன்.

"ஒண்ணுமில்ல, விடு."

அந்த வாரமே ஹாஸ்டலைக் காலிசெய்துகொண்டு எஸ்டேட்டுக்குப் போய்விட்டாள்.

இன்று நானும் ஒரு கல்லூரியில் டீச்சர். எல்லையோரக் கோபாலபுரம் பக்கத்திலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய. அந்தச் சார் மாதிரி ஆகிவிடக் கூடாது என்றே தினமும் சாக்பீஸை யார் முன்னாலாவது வைக்கிறேன்.

போன மாதம் பரீட்சை நெருக்கத்தில் பாடம் மிச்சமிருந்தது. வேகவேகமாக வாசித்தேன். கண்ணோரத்தில் கை வந்தது. வாசிப்பதை நிறுத்தினேன். நிமிராமல், அது போகட்டும் என்று காத்திருந்தேன். போனது.

பிறகுதான் பார்த்தேன். பஸ் தப்பித் தாமதமாக வந்த ஒரு பெண் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பேனாவை மூடிக்கொண்டிருந்தாள். மணியடித்ததும் அவளிடம் ஓடினேன்.

"என்ன கண்ணு கேக்க வந்தே?"

பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணுமில்லீங்க மிஸ், விடுங்க."