கருப்பருக்கு வைத்த பாட்டிலும் என் வாடகைக் காரும்

இன்று காலை மகள் வாங்கிய புதுக் காருக்குப் பூஜை போட எங்கள் ஊர்க் கருப்பர் கோயிலுக்குப் போனோம்.

படையலில் பூசாரி ஒரு பிராந்தி பாட்டிலை வைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது!

மகள் முறைத்தாள். "சாமி முன்னாடி என்னப்பா சிரிப்பு?"

அதைத்தான் எழுதுகிறேன். (வயது எண்பத்தைந்து. ஒற்றை விரலால் தட்டுகிறேன். பிழை இருந்தால் விரலைத் திட்டுங்கள்!)

அறுபதுகளின் தொடக்கம். மதுவிலக்குக் காலம். வல்லத்திராக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். லாரியில் கிளீனராக இருந்த நான், ஆத்தாவின் நகையை விற்று, பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டத் தொடங்கியிருந்தேன்.

எங்கள் பக்கம் வண்டி வாங்கினால் முதல் வாரமே கருப்பருக்கு ஒரு பாட்டில் சாராயம் வைக்க வேண்டும். வைக்காத வண்டியில் ஊர்க்காரர் ஒருவரும் ஏற மாட்டார்!

பூசாரி சின்னையாவிடம் போனேன்.

"அண்ணே, நாடே வத்திக் கெடக்கு. சாராயத்துக்கு எங்கண்ணே போறது?"

"அத எங்கிட்ட விடு தம்பி. நீ வாயத் தொறக்காம வந்து கும்புட்டுப் போ."

சொன்னபடியே ஒரு பழைய பிராந்தி பாட்டில் வந்தது. பூஜை முடிந்ததும் பாதியைச் சாமிக்கு ஊற்றிவிட்டு, மீதியை என் கையில் கொடுத்தார்.

"பிரசாதம். கீழ கொட்டிறாத."

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. கொட்டவும் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோனால் ஆத்தா விளக்குமாற்றை எடுத்துவிடுவார். காகிதத்தைச் சுருட்டி வாயை அடைத்து, சீட்டுக்கு அடியில் தள்ளினேன். அப்புறம் சுத்தமாக மறந்துபோனேன்.

நாலாம் நாள் ஆலங்குடி சந்தை. காரைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் காருக்குள் பாதி உடம்பு, வெளியே பாதி உடம்பு. காக்கி உடுப்பு!

ஏட்டையா பாட்டிலோடு வெளியே வந்தார். காகிதத்தைப் பிடுங்கி மோந்து பார்த்தார்.

"என்னய்யா இது?"

"சாமி பிரசாதம்ங்க."

"எந்தச் சாமி? பிராந்தி சாமியா?"

கூட்டம் கூடிவிட்டது. காரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். கேஸ் நின்றால் கார் சர்க்காருக்குப் போய்விடும் என்றார்கள். அது ஆத்தாவின் கழுத்துச் சங்கிலி ஐயா, கார் இல்லை!

மறுநாள் கோர்ட். குற்றத்தை ஒப்புக்கொண்டு, காலில் விழுந்தாவது காரைக் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். உள்ளே இருந்தது சாராயம் என்றே நானும் நம்பினேன்!

வாசலில் சின்னையா மூச்சு வாங்க ஓடி வந்தார். பின்னால் ஊரில் பாதி.

"குத்தத்த ஒத்துக்காத தம்பி. நான் பேசிக்கிறேன்."

கூண்டில் ஏறினார். மாஜிஸ்டிரேட்டைக் கும்பிட்டார்.

"ஐயா, அது சாராயம் இல்லீங்க. எளநி."

மாஜிஸ்டிரேட் பேனாவைக் கீழே வைத்தார். சின்னையா நிறுத்தவில்லை.

"கள்ளுக்கடைய மூடுன நாள்லேருந்து எளநிதான் ஊத்துறேன். சாராயம் வாங்கிப் பிடிபட்டா கோயிலப் பூட்டிருவாங்கன்னு பயம். ஊருக்குச் சொன்னா ஊரு அடிக்கும்னு பயம். பாட்டில் மட்டும்தாங்க பழசு."

பின்னால் என் மச்சான் எழுந்தே விட்டார். "அடப்பாவி! இத்தன வருசமா சாமிய ஏமாத்துனியா?"

"சாமிக்குத் தெரியாதா? அவரு ஒருநாளும் மொகஞ்சுளிக்கலையே!"

மாஜிஸ்டிரேட் மேசையைத் தட்டினார். பாட்டிலை மோந்து பார்த்து முகத்தைத் திருப்பினார்.

"எளநீருக்கு இந்த வாடை வருமாய்யா?"

"சித்திர வெயில்ல மூணு நாள் காருக்குள்ள கெடந்தா வரும்ங்க. நம்பாட்டி வச்சுப் பாருங்க."

வைத்தே பார்த்தார் மனிதர்! இளநீர் சீவச் சொல்லி, அதே மாதிரி பாட்டிலில் ஊற்றி, சீல் வைத்து, ஸ்டேஷன் வாசலில் நின்ற என் காருக்குள் அதே சீட்டுக்கு அடியில் வைக்க உத்தரவு போட்டார். மூன்று நாள். கருப்பரை நான் அவ்வளவு கும்பிட்டதே இல்லை.

மூன்று நாள் கழித்து, மேசை மேல் இரண்டு பாட்டில்.

"ஏட்டு, கண்ண மூடிக்கிட்டு மோந்து பாருங்க. எது சாராயம்?"

முதலாவதை மோந்தார். இரண்டாவதை மோந்தார். மறுபடியும் முதலாவது. கடைசியில் ஒன்றைத் தொட்டு அடித்துச் சொன்னார்:

"இதுதாங்கய்யா! சந்தேகமே இல்ல. பட்டச் சாராயம்!"

அவர் தொட்டது கோர்ட் வைத்த பாட்டில்!!

சிரிப்பு அடங்கவே நேரமானது. ஏட்டையா விடவில்லை. "புளிச்சுப்போனதும் போததானங்கய்யா?"

"அப்ப கோர்ட்டு மேலதான் மொதக் கேசு எழுதணும்" என்றார் மாஜிஸ்டிரேட். தள்ளுபடி!

சாவி கைக்கு வந்தபோது அழுதுவிட்டேன். அந்தக் காரில் சின்னையாவை முன்சீட்டில் உட்கார வைத்து ஊருக்குக் கூட்டிவந்தேன். வழியெல்லாம் மச்சான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தார். ஊர் கூடி யோசித்தது. இத்தனை வருசத்தில் மழை தவறவில்லை, வண்டி எதுவும் கவிழவில்லை. சரி, இளநீரே இருக்கட்டும் என்று முடிவானது.

இன்று பூஜை முடிந்ததும் பூசாரி (சின்னையாவின் பேரன்) மீதிப் பாட்டிலை மகளிடம் நீட்டினார். அவள் பதறினாள். நான் வாங்கி மடமடவென்று குடித்தேன். நல்ல இனிப்பு! இந்தத் தடவை காரில் வைக்கவில்லை.

மதுவிலக்கு போய் எத்தனையோ வருசம் ஆயிற்று. ஊரில் பலர் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்கள் கருப்பர் மட்டும் விட்டவர் விட்டவர்தான்!

உங்கள் ஊர்ச் சாமி எப்படி?