பீடத்தில் இருக்கும் வெண்கல முகம்

என் தாய் நாள்தோறும் மண்டியிட்டு வேண்டுவது ஒரு புனிதரிடம் அல்ல. புனிதர் என்று அவளை நம்பவைத்த பாவி நான்!

நம்புவீர்களா நீங்கள்? எங்கள் வீட்டுப் பீடத்தில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், சுருள்முடியும் கடுகடுத்த பார்வையுமாக ஒரு வெண்கல முகம் இருக்கிறது. ஐரோப்பிய இசைமேதை ஒருவரின் நினைவாக வார்த்த தகடு அது. பழம்பொருள் சேர்ப்பவர்கள் தேடி வாங்குவது. சரக்குக் கப்பலில் வேலை பார்த்த என் தம்பி ஜெரோம், ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கி எனக்குக் கொடுத்தனுப்பினான். கோவில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறவன் நான். என் வாசிப்பை மெச்சியவன் அவன் ஒருவனே.

பொட்டலத்தைப் பிரித்ததும் அம்மா கேட்டாள்: "யாருல இந்தப் புனிதரு?"

எனக்குக் குறும்பு. "கடல்ல போறவங்களக் காப்பாத்துறவரும்மா" என்றேன். முந்தானையால் துடைத்து, முத்தமிட்டு, உடனே பீடத்தில் ஏற்றிவிட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

தம்பி போனில் பேசியபோது சொன்னேன். அவனும் சிரித்தான். பிறகு, "பாவம்ணே, அம்மாட்ட உண்மையச் சொல்லிரு" என்றான்.

"நீயே வந்து சொல்லுல" என்றேன்.

அவன் வரவில்லை. புயலில் மேல்தளத்திலிருந்து கடலுக்குள் விழுந்துவிட்டான் என்று கப்பல் கம்பெனியிலிருந்து சொன்னார்கள். உடல் கிடைக்கவில்லை.

மரித்தோர் பூசைக்கு நாள் குறிக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். சீறினாள்.

"எம்பிள்ளைக்கி எதுக்குல மரித்தோர் பூச? இவரு கொண்டாந்து விடுவாரு அவன!"

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டாமா? இன்றுவரை என் தம்பிக்கு ஒரு பூசை இல்லை. கல்லறைத் திருநாளில் ஒரு மெழுகுதிரி இல்லை. உண்மை தெரிந்தால் அம்மா தாங்கமாட்டாள் என்பது எனக்கு நானே சொல்லும் சமாதானம். அதுவும் பொய்தான்! என்னை அவள் ஒரு பார்வை பார்ப்பாளே... அதற்குத்தான் பயம்.

நேற்று மாலை, தூத்துக்குடித் துறைமுகத்துக் கப்பல் ஒன்றின் சங்கு வீடுவரை கேட்டது. மண்டியிட்டிருந்த அம்மாவால் எழ முடியவில்லை. தூக்கிவிட்டேன். அவள் என் கையை விடவில்லை.

"ஏல, நான் சொல்லுத செபத்துல எதுவும் தப்பிருக்கா? இவரு ஏன் கேக்க மாட்டேங்காரு?"

தப்பு உன்னிடம் இல்லையம்மா என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அவள் நீட்டிய மெழுகுதிரியை வாங்கி, அந்த முகத்தின் முன்னால் நானே கொளுத்தி வைத்தேன்.