அக்காவுக்குப் போட்ட மொட்டை

பிள்ளைகளே, அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமில்லையா என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் இல்லை என்றேன். அது பொய். எனக்கு ஓர் அக்கா இருந்தாள்.

நான் ஏழாவது படித்தபோது, வேறு சாதிக்காரர் ஒருவரோடு அவள் போய்விட்டாள். பதினாறாம் நாள் உங்கள் தாத்தா அவளுக்குக் கருமாதி செய்தார். அவள் படத்துக்கு மாலை போட்டு, எனக்கு மொட்டை அடித்தார்கள். அவள் உயிரோடு இருப்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தலையைக் குனிந்து கொடுத்தேன்.

திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். தாத்தா இறந்த பிறகாவது நான் தேடியிருக்கலாம். வேலை, வாடகை, நீங்கள் என்று ஏதாவது ஒரு காரணம் இருந்துகொண்டே இருந்தது.

வாக்காளர் படிவத்துக்காகப் பழைய பட்டியலில் தாத்தாவின் பெயரைத் தேடினேன் அல்லவா? போனில் பாகம் எண்ணை மாற்றி அழுத்திவிட்டேன். பிக்கட்டிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றின் பட்டியல் வந்தது. அதில் அக்கா பெயர். கணவர் என்று, அவள் கூடப் போனவரின் பெயர். வயதும் சரியாக இருந்தது. இங்கே ஊட்டியிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ். இத்தனை வருடமும் அவ்வளவு தூரம்தான்.

மறுநாளே லீவு போட்டுப் போனேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், வேறு நினைப்பில்லை. லைன் வீட்டு வாசலில் அக்காவின் கணவர் விறகு பிளந்துகொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். அவர் கோடாலியைக் கீழே வைக்கவில்லை.

“இப்பத்தான் வழி தெரிஞ்சுதுங்களா? அவ போயி எட்டு மாசமாச்சு.”

“ஒரு வார்த்தை சொல்லி விட்டிருக்கலாமே, மாமா.”

“யாருக்குங்க? நீங்கதான் முந்தியே காரியத்த முடிச்சிட்டீங்களே. நாங்கதான் லேட்டு.”

அப்புறம் அவராகவே சொன்னார். கருமாதி நடந்த அடுத்த வாரம் அவர்கள் ஊட்டிக்கு வந்திருக்கிறார்கள். திரும்பும்போது, பஸ் ஸ்டாண்டில் பள்ளிக்கூடப் பையோடு நான் நிற்பதை அக்கா பஸ்ஸுக்குள்ளிருந்து பார்த்திருக்கிறாள்.

“மொட்டத் தலையோட தூறல்ல நின்னீங்க. எறங்கறேன்னு எந்திரிச்சா. நாந்தான் கையப் புடிச்சு உக்கார வெச்சேன். யாருக்கு மொட்டைன்னு கேட்டா. உனக்குத்தான்னேன். குளுருக்கு ஒரு குல்லா போட்டுவிட ஆளில்லையான்னா.”

பிள்ளைகள் உண்டா என்று கேட்டேன்.

“ஒரே பையன். கோயமுத்தூர்ல இருக்கான். நெம்பர் கேக்காதீங்க. தாய்மாமன் செத்துட்டாருன்னு சொல்லித்தான் வளத்தோம். காது குத்தறப்ப மாமன் மடி எங்கேன்னு எல்லாரும் கேட்டாங்க. வேறென்ன சொல்றது?”

அடக்கம் செய்த இடத்தைக் கையால் காட்டிவிட்டு மறுபடி கோடாலியை ஓங்கினார். போய்ப் பார்த்தேன். மண் இன்னும் முழுதாக அமுங்கவில்லை.

உங்களுக்கு ஓர் அத்தை மகன் இருக்கிறான். அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. என்றைக்காவது அவன் தேடி வந்தால், உன் மாமன் உயிரோடுதான் இருந்தார், வரவில்லை என்று உண்மையைச் சொல்லுங்கள்.

அன்று ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. கூரைக்கு வெளியே போய் நின்று, குல்லாவைக் கழற்றிப் பையில் வைத்தேன். நம் வீட்டுப் பக்கம் போகும் காந்தல் பஸ் இரண்டு போகும்வரை அப்படியே நின்றேன்.