அவர் நம்பருக்கு வந்த அக்கா

நான் பிள்ளை உண்டாகியிருந்தபோது எனக்குச் சொல்ல வேண்டிய புத்திமதியெல்லாம் என் புருஷனுக்குப் போய்க்கொண்டிருந்தது. குரோம்பேட்டை சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்த அன்று என் போன் ரிப்பேரில் கிடந்தது. நர்ஸ் நம்பர் கேட்டதும் இவர் தன்னுடையதைக் கொடுத்துவிட்டார். அதன்பிறகு வாராவாரம் அரசாங்கத்திலிருந்து ஒரு பெண்ணின் பதிவுக் குரல் இவர் போனில் வந்து, "வணக்கம் அம்மா, இது உங்களுக்கு ஐந்தாவது மாதம்" என்று ஆரம்பிக்கும்.

இவருக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் துணிக்கடையில் வேலை. லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள் என நினைத்து முதலில் கட் செய்துவிட்டாராம். ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில் வந்ததால் முழுக்கக் கேட்டிருக்கிறார். கூட வேலை செய்கிறவர்கள், "மச்சான், உனக்கு எத்தினி மாசம்?" என்று ஓட்டியிருக்கிறார்கள். மனிதர் அசரவில்லை. வீட்டுக்கு வந்து, "அக்கா கீரை சாப்பிடச் சொன்னாங்க" என்பார். எந்த அக்கா என்றால் போனைக் காட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வயிறு என்னுடையது, வாந்தி என்னுடையது, அக்கா மட்டும் அவருக்கா?

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும், தலைப்பிரசவம் என்பதால் செம்பாக்கத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். பிள்ளை பிறக்கும்வரை கழற்றக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. போனை எடுத்தாலே அது சலசலக்கும். பேச்சே கேட்கவில்லை என்று அவர் அலுத்துக்கொள்வார்.

ஒரு மதியம் பேசும்போது, "இன்னா, வளையல் சத்தமே காணோம்?" என்றார்.

"கை வீங்கிப்போச்சுங்க. வளையல் அப்படியே இறுகிக்கினு கீது."

"தலை வலிக்குதா?"

காலையிலிருந்து வலிதான். அம்மா சுக்குப் பற்றுப் போட்டிருந்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"அக்கா சொன்னாங்க. கை, மூஞ்சி வீங்கித் தலையும் வலிச்சா பிரஷரா இருக்கும், ரெண்டு உசுருக்கும் ஆபத்துன்னாங்க. கெளம்பி இரு, வரேன்."

அம்மா போனை வாங்கினாள். "மாப்ள, ஒம்பதாம் மாசம் நீர் கோக்கறது சகஜம். நான் மூணு பெத்தவ. மிஷின் பேச்சைக் கேட்டுக்கினு பேஜார் பண்ணாதீங்க."

"சரிங்க அத்தை" என்றவர், கொஞ்ச நேரத்தில் ஆட்டோவோடு வாசலில் நின்றார். மாமியார் சொல்லை அவர் தட்டி நான் பார்த்தது அன்றுதான்.

அவசரத்தில் என் ஃபைலை வீட்டிலேயே விட்டுவிட்டோம். நல்லவேளை, தாம்பரம் அரசு ஆஸ்பத்திரியில், இவர் போனுக்கு மெசேஜில் வந்திருந்த என் கர்ப்பப் பதிவு எண்ணைத் தட்டியதும், குரோம்பேட்டையில் மாதாமாதம் பார்த்த பிரஷர் எல்லாம் கம்ப்யூட்டரில் வரிசையாக வந்தது. அதுவரை ஒழுங்காக இருந்தது இப்போது தாறுமாறாக ஏறியிருப்பதை டாக்டர் உடனே கண்டுகொண்டார். வளையல்களைச் சோப்புப் போட்டு ஒவ்வொன்றாக உருவிவிட்டு மருந்து ஏற்றினார்கள். பிள்ளை முகத்தைப் பார்க்காமலே போய்விடுவேனோ என்று அழுதேன். மறுநாள் மகள் பிறந்தாள், உடம்பு இளைத்தவளாக, ஆனால் ஊரைக் கூட்டும் தொண்டையோடு.

வளைகாப்பு வளையலைப் பிரசவம் பார்த்தவர்களுக்குக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அம்மா அத்தனையையும் நர்ஸுகளுக்குக் கொடுத்துவிட்டாள். பதிவைச் சரிபார்க்க வந்த ஒரு நர்ஸ், "இது உங்க வீட்டுக்காரர் நம்பராச்சே, மாத்திடட்டுமாம்மா?" என்று கேட்டார்.

"வேணாம் சிஸ்டர், அவரே கேக்கட்டும்" என்றேன்.

நாங்கள் வீட்டுக்கு வந்த வாரம் அக்கா மறுபடி பேசினாள். அவர் ஸ்பீக்கரில் போட்டார். தாய்ப்பால், தடுப்பூசி என்று அவள் சொல்லி முடிக்கும்வரை அம்மா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு போன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து கேட்டாள். போன் அடங்கியது.

"எல்லாத்தையும் குடுத்துட்டேனே, இந்த அக்காவுக்கும் ரெண்டு வளையல் எடுத்து வெச்சிருக்கணும்" என்றாள்.