விடுபட்ட இரண்டு கம்பிகள்

எனக்குப் பொறுமை கிடையாது. சோறு கொதிக்கும் முன்பே மூடியைத் திறந்து திறந்து பார்க்கிற ஆள் நான். என் கணவர் நேர் எதிர். ஒன்று கேட்டால், அவர் பதில் சொல்வதற்குள் நான் இன்னும் மூன்று கேட்டிருப்பேன். அக்கராயன் பக்கம் அவருக்கு இரண்டு ஏக்கர் வயல், அதுவும் குளத்து வாய்க்காலின் கடைசியில். நான் கமக்கார அமைப்பின், அதாவது விவசாயிகள் சங்கத்தின், அலுவலகத்தில் கணினி பார்க்கிறேன்.

கணினி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எப்போதோ ஒரு திட்டத்தில் வந்த பழைய பெட்டி. அதன் முதுகில் ஒன்பது ஊசிகள் உள்ள ஒரு சீரியல் போர்ட், அதில் கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் ஒரு மோடம். குளக்கட்டில் இருக்கும் நீர்மட்டக் கருவி, மணிக்கொரு தரம் எடுத்த அளவுகளைக் காலையில் தொலைபேசிக் கம்பி வழியாக மொத்தமாக அனுப்பும். குளக்கட்டில் கைத்தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. அதனால் இன்றைக்கும் இந்த ஏற்பாடுதான்.

போன பங்குனியில் மோடத்தின் கேபிளை எலி கடித்துவிட்டது. புதியது வர மூன்று கிழமை ஆகும் என்றார்கள். நானாவது காத்திருப்பதாவது! நானே ஈயம் வைத்து ஒன்றை ஒட்டினேன். அனுப்ப ஒரு கம்பி, வாங்க ஒரு கம்பி, பொதுவாக ஒன்று. மூன்றே போதும் என்று மிச்சத்தை விட்டுவிட்டேன். வேகத்தையும் ஆகக்கூடியதாக வைத்தேன். முன்பெல்லாம் தேத்தண்ணி குடித்து முடியும்வரை வந்துகொண்டிருந்த கணக்கு, இப்போது கோப்பையைத் தூக்குவதற்குள் வந்து நின்றது. ஊர் முழுக்கப் பீற்றித் திரிந்தேன்.

பிறகு கோடை விதைப்புக்கான சிறுபோகக் கூட்டம் வந்தது. குளத்தில் உள்ள தண்ணீரைப் பார்த்து, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று அங்கேதான் முடிவெடுப்பார்கள். தண்ணீர் குறைவென்றால் முதலில் வெட்டு விழுவது கடைசி வயல்களுக்கு. மாரி மழையில் விதைத்த காலபோகத்தை எங்களுக்கு வெள்ளம் தின்றுவிட்டது. வீட்டுக்குச் சோறு இந்தப் போகத்தில்தான் வரவேண்டும்.

கூட்டத்தை நடத்திய நீர்ப்பாசன அதிகாரி நான் கொடுத்த நீர்மட்டத் தாளை எடுத்து, "எட்டடி" என்று வாசித்தார்.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. ஒருவர் எழும்பி, "ஐயா, எட்டடி எண்டால் துருசுப் படியெல்லாம் வெளியிலை தெரிய வேணும். காலமை குளிக்கப் போகேக்கை நான் இரண்டு படிதான் கண்டனான்" என்று குளத்து மதகின் பக்கம் கையைக் காட்டினார்.

"கடதாசியிலை இருக்கிறதைத்தான் நான் எழுதலாம். எட்டடிக்குக் கடைசி வயலுகளுக்குத் தண்ணி இல்லை."

பின்வரிசையில் இருந்த என் கணவர் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"ஒரு அரை மணித்தியாலம் தாங்கோ ஐயா" என்று அலுவலகத்துக்கு ஓடினேன். என் கணவரும் பின்னால் வந்தார், நடந்துதான்.

காலைக் கணக்கைக் கருவியிடமிருந்து மறுபடி எடுத்தேன். ஓரடி என்றது. இன்னொரு தரம் எடுத்தேன். பதினெட்டு. அடுத்த தரம் திரும்பவும் எட்டு.

"குளம் ஏறி இறங்குதோ?" என்று கேட்டார்.

"பகிடி விடாதேங்கோ!"

அப்போதுதான் உறைத்தது. இந்தப் பழைய பெட்டி, வந்ததை டிஸ்க்கில் எழுதும்போது வேறெதையும் கவனிக்காது. அந்த நேரம் கணினியும் மோடமும் ஒன்றுக்கொன்று 'பொறு' என்று சொல்ல ஆளுக்கொரு கம்பி வேண்டும். நான் விட்ட கம்பிகளில் அந்த இரண்டும் அடக்கம். மோடம் நிறுத்தாமல் கொட்டியிருக்கிறது. நடுவில் இலக்கங்கள் சிந்திப் போயிருக்கின்றன.

அவருக்கு விளக்கினேன். யோசித்துவிட்டு, "அப்ப, மற்றவர் கேக்கிறாரோ எண்டு பாராமல் கதைச்சுக்கொண்டே இருந்திருக்கு" என்றார்.

"ஓம்."

"ம்."

என் முகத்தைப் பார்க்காமல் விட்டது அவர் செய்த புண்ணியம்.

அவர் கேபிளை ஆடாமல் பிடிக்க, நான் இரண்டு கம்பிகளையும் ஒட்டினேன். மூன்று தரம் எடுத்தேன். மூன்று தரமும் பதினெட்டு. மண்டபத்துக்குப் போய், "பிழை குளத்திலை இல்லை ஐயா, என்ரை கேபிளிலை" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதிகாரி நம்பாமல், மோட்டார் சைக்கிளில் ஆளனுப்பிக் குளக்கட்டில் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்க்கச் செய்தார். அங்கேயும் பதினெட்டு. இதை முதலே செய்திருக்கலாமே என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அன்று நான் பேசும் நிலையில் இல்லை. கடைசி வயல்களுக்கும் தண்ணீர் என்று எழுதினார்கள்.

தண்ணீர் திறந்த நாள் நானும் வயலுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் கீழ்வயல்காரர் தயார் என்று கையைக் காட்டாமல் மேல்வயல்காரர் வாய்க்கால் மடைப் பலகையைத் தூக்கமாட்டார். என் கணவர் வரம்புக்கு மண் அணைத்துக்கொண்டே இருந்தார். "கையைக் காட்டுங்கோவன்!" என்று நான் கத்தினேன். ஒரு தரம்தான். அவர் வரம்பை மிதித்துப் பார்த்து, நிமிர்ந்து, கையைத் தூக்கினார். ஒரு துளி வெளியே போகாமல் தண்ணீர் எங்கள் வயலுக்குள் இறங்கியது.

அன்று பின்னேரம் வீட்டில், "இந்த முறை நெல்லு வீட்டுச் சோத்துக்குக் காணுமோ?" என்று, போதுமா போதாதா என்ற கவலையில், கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது.

"காணும்" என்றார்.